கடைவீதி யாருக்கு உரியது?

பிறந்த குழந்தை தவழ்ந்தும் விழுந்தும் எழுந்தும் கற்றுக்கொள்ளும் முதற்கலை நடத்தலாகும். அது முதலடி எடுத்து வைத்த நாளை வீடே கொண்டாடுகிறது. ஆனால், அவ்வாறு நடக்கக் கற்ற மனிதன் தன் ஊர்க் கடைவீதியில் அச்சமின்றி நடக்க இயலாத நிலை இன்று வந்துள்ளது. நெரிசல் மிகுந்த நகர வீதிகளை மகிழுந்துகளுக்கு அடைத்து, நடப்போர்க்கே விட்டுவிடலாமா என்னும் வினா இப்போது பல ஊர்களிலும் எழுந்துள்ளது. இது பொறியாளர்க்கும் ஆட்சியாளர்க்கும் மட்டும் உரிய வினா அன்று. அவ்வீதிகளில் நாள்தோறும் நடக்கும் அனைவர்க்கும் உரியது. ஆதலின், தமிழ் கற்பிக்கும் யாம் இதனைக் கையில் எடுப்பது பொருந்தாச் செயல் ஆகாது எனக் கருதுகிறோம்.

சென்ற ஆண்டு ரமலான் மாத இறுதி வாரத்தில் ஒரு நாள் மாலை, பெருநாளுக்குத் துணி எடுக்க எம் தாயாரை எம்மூர்க் கடைவீதிக்கு அழைத்துச் சென்றோம். நோன்பு திறக்க ஒரு மணி நேரமே இருந்தது. எதிர்ப்புறக் கடைக்குச் செல்ல வேண்டும். இடையில் இருந்த தொலைவு முப்பது அடிக்கு மிகாது. அம்முப்பது அடியைக் கடக்க யாம் நெடுநேரம் நின்றோம். எழுபத்தைந்து வயதைக் கடந்த எம் தாயார் எம் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தார். இருமுறை அடி எடுத்து வைத்து, இருமுறையும் பின்வாங்கினார். மூன்றாம் முறை நடுத்தெருவை அடைந்தபோது மகிழுந்து ஒன்று அவர் கைப்பையை உரசிச் சென்றது. பை விழுந்தது, பேரப்பிள்ளைகளுக்கு எடுத்த துணிகள் தெருவில் சிதறின. "ஒரு தெருவைத் தாண்ட ஆள் துணை வேணும்னு ஆயிடுச்சே அத்தா! உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நான் ஒத்தையா நடந்த தெருதானே இது?" என்று அவர் கூறிய சொல் இன்னும் எம் செவியில் ஒலிக்கிறது.

மகிழுந்து ஓட்டியவர்மேல் எமக்குச் சினம் பொங்கியது. அச்சினத்தோடு எம் இருசக்கர ஊர்தியை எடுக்கச் சென்றோம். அது நின்றிருந்த இடம் நடைபாதை! வேறிடம் இல்லை என்று யாமே அங்கு நிறுத்தியிருந்தோம். முதியவர் ஒருவர் நடைபாதையில் வழியின்றித் தெருவில் இறங்கி, எம் ஊர்தியைச் சுற்றிக்கொண்டு, விரையும் வண்டிகளுக்கு நடுவே தடுமாறி நடந்து சென்றார். அவரும் யாரோ ஒருவருடைய தந்தைதானே என்று எண்ணியபோது எம் சினம் எம்மையே சுட்டது. எனவே, இக்கட்டுரையைக் குற்றம் சாட்டுவோர் இருக்கையிலிருந்து அன்று, குற்றவாளிக் கூண்டிலிருந்தே எழுதுகிறோம்.

இலக்கியம் காட்டும் தெரு

மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் மதுரை மாநகரின் அகன்ற தெருவுக்கு ஆற்றை உவமை கூறுகிறார். ஆழ்ந்து எண்ணத்தக்க உவமை இது. ஆறு எவர்க்கும் தனியுடைமை அன்று. குளிப்பவர்க்கும் குடிப்பவர்க்கும் உழவர்க்கும் அது பொது. அதுபோலத் தெருவும் ஊர்ப்பொது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையைக் கண்டது நடந்தே என்பதை ஊர்காண் காதை உணர்த்துகிறது. புகாரின் நாளங்காடியோ மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரங்கள் அடர்ந்த சோலையில் அமைந்திருந்தது. அங்கே ஓயாது எழுந்த ஒலி விற்போர் ஒலியும் வாங்குவோர் ஒலியுமே என்கிறார் இளங்கோவடிகள்.

பழங்காலம் முழுதும் பொற்காலம் என்று யாம் கூற வரவில்லை. அதே மதுரைக்காஞ்சியில் மற்றொரு காட்சியும் உண்டு. பூவும் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் விற்கும் சிறுவணிகர், யானையும் குதிரையும் தேரும் மறவரும் தெருவில் வரக் கண்டு உயிருக்கு அஞ்சி ஒதுங்குகின்றனர். பெருமூச்செறிந்து காத்திருந்து, அவை நீங்கிய பின்னரே மீண்டும் தம் பண்டங்களோடு திரிகின்றனர். நெடிய மாடங்களின் நிழலில் இளைப்பாறுகின்றனர். இதனை வகுப்பில் விளக்கிய நாளில் மாணவர் ஒருவர், "ஐயா, இது எங்கள் ஊர் மார்க்கெட் தெருவைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது" என்றார். வகுப்பே சிரித்தது. ஆனால், சிரித்து விட்டுவிடத்தக்க செய்தியா இது? வலிமையுடையவர் ஊர்தியில் வர, எளியவர் உயிருக்கு அஞ்சி ஒதுங்கும் நிலை இரண்டாயிரம் ஆண்டுகளாக மாறவில்லை என்பதன்றோ இதன் பொருள்?

இதற்கு மாற்றான அறமும் தமிழ் மண்ணில் உண்டு. தேர்க்காலில் பட்டு மாண்ட கன்றுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் சோழன் என்னும் திருவாரூர்க் கதையை நாம் அறிவோம். அத்தண்டனையை இன்று யாரும் வேண்டார். ஆயினும் அக்கதையின் உட்பொருள் ஒன்று உண்டு. தெருவில் நேரும் தீங்குக்குப் பொறுப்பு கன்றினுடையது அன்று, தேருடையானுடையது. நாமோ இன்று, "பார்த்து வரக்கூடாதா?" என்று கன்றையே கடிந்துகொள்கிறோம்.

வழியில் கிடக்கும் இடையூற்றை அகற்றுதலும் அறக்கொடையே என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். தெருவோரம் அமர்வோர் தெருவுக்குரிய உரிமையை அளித்தல் வேண்டும் என்றும், பிறர்க்குத் தீங்கு செய்யாமை அவ்வுரிமைகளுள் ஒன்று என்றும் அவர்கள் அறிவுறுத்தியதை இக்கல்லூரி மாணவர் அறிவர். தெருவுக்கே உரிமை உண்டு என்னும் சிந்தனை எத்துணை உயர்ந்தது! வழியில் கிடக்கும் முள்ளை அகற்றுதல் அறம் எனில், வழியை அடைத்து நிற்கும் எம் ஊர்தியை அகற்றுதல் அதனினும் பேரறம் அன்றோ?

நடப்போர் நிலை

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் நேர்ந்த விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது நடுவணரசின் அறிக்கை. அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றோர். அதாவது, நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 90 பேர். எந்த ஊர்தியிலும் ஏறாதவர்கள், எவர்மேலும் மோதாதவர்கள் இவர்கள். இவ்விறப்புகளுள் பல நெடுஞ்சாலைகளில் நேர்ந்தவை என்பது உண்மையே. கடைவீதியில் ஊர்திகள் ஊர்ந்தே செல்வதால் அங்கு உயிரிழப்பு குறைவாக இருக்கலாம். ஆனால், அச்சம் குறைவன்று.

எம் துறையில் பயின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் ஒருமுறை கூறியது எமக்குப் புதிய பாடமாக அமைந்தது. "ஐயா, ஓடுகிற வண்டிக்கு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை, அது சத்தம் போட்டுக்கொண்டு வரும். நிறுத்தி வைத்த வண்டிக்குத்தான் பயம், அது பேசாது. இப்போது மின்கல ஸ்கூட்டர் வந்த பிறகு ஓடுகிற வண்டியும் பேசுவதில்லை" என்றார். ஊர்தியை நிறுத்திவிட்டால் தீங்கும் நின்றுவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். அவருக்கோ நின்ற ஊர்தியே முழங்காலை உடைக்கும் பாறை.

இடத்தின் கணக்கையும் பார்ப்போம். ஒரு மகிழுந்து நிற்க ஏறத்தாழ 5 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் வேண்டும், அதாவது 12.5 சதுர மீட்டர். பெரும்பாலும் ஒருவரோ இருவரோ வந்த அவ்வூர்தி நிற்கும் இடத்தில் பத்துப் பேர் நெருக்கமின்றி நின்று பேசலாம். பூக்கூடையோடு நான்கு பெண்கள் அமர்ந்து பிழைக்கலாம். அவ்வூர்திக்கு நாம் மகிழுந்து என்று அழகாகப் பெயரிட்டோம். உள்ளே இருப்பவர் மகிழ்கிறார் என்பதில் ஐயமில்லை. வெளியே இருப்பவர் மகிழ்கிறாரா என்று கேட்க மறந்தோம்.

உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி எனக் கூறியது. நடத்தல் சலுகை அன்று, உரிமை என்பது இதனால் நிலைபெற்றது. எனினும், ஏட்டில் உள்ள உரிமை வீட்டு வாயிலுக்கு வர நெடுந்தொலைவு நடக்க வேண்டியிருக்கிறது. அதற்கும் நடைபாதை வேண்டுமே!

பிற ஊர்கள் கற்பிப்பவை

டென்மார்க் நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில் ஸ்ட்ராய்யட் என்னும் முதன்மைக் கடைத்தெரு 1962-ஆம் ஆண்டில் சோதனையாக ஊர்திகளுக்கு அடைக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த நீளம் உடையது அத்தெரு. குளிர் நாட்டில் யார் தெருவில் நடக்கப் போகிறார்கள், வணிகம் அழிந்துவிடும் என்று கடைக்காரர்கள் அன்று எதிர்த்தனர். மக்கள் நடந்தனர், வணிகம் தழைத்தது, 1964-இல் அவ்வேற்பாடு நிலையானது. யான் கேல் என்னும் கட்டடக் கலைஞர் அத்தெருவில் மக்கள் எங்கு நடக்கின்றனர், எங்கு நிற்கின்றனர், எங்கு அமர்கின்றனர் என்று பல்லாண்டுகள் எண்ணிப் பார்த்து எழுதியவை பின்னர் உலக நகரங்கள் பலவற்றுக்கும் வழிகாட்டின.

மேலை நாடுகள் மட்டுமே சான்று அல்ல. மொராக்கோ நாட்டின் பெஸ் நகரில் பழைய மதில்களுக்குள் அடங்கிய பகுதி இன்றும் மகிழுந்து நுழையாத பெருங்குடியிருப்பாக விளங்குகிறது. கி.பி. 859-இல் பாத்திமா அல்பிஹ்ரி என்னும் பெண்மணி நிறுவியதாக மரபு கூறும் கரவிய்யீன் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் அங்கேதான் உள்ளன. அதன் சந்துகளில் சரக்குகளைக் கழுதைகளும் கோவேறு கழுதைகளும் சுமக்கின்றன. ஓட்டிச் செல்வோர் "பாலக்" என்று கூவி வழி கேட்கின்றனர். ஓட்டுபவன் நடப்பவனிடம் வழி கேட்கும் ஊர் அது!

நம் நாட்டில் தில்லியின் சாந்தினி சௌக் குறிப்பிடத்தக்கது. ஷாஜகானின் மகள் ஜஹானாரா பேகம் 1650-ஆம் ஆண்டளவில் அமைத்த கடைவீதி அது; நடுவே நீரோடை ஓடியது. செங்கோட்டைப் புறத்திலிருந்து பதேபூரி பள்ளிவாசல் வரை செல்லும் அவ்வீதி சீரமைக்கப்பட்டு 2021 செப்டம்பரில் திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை எந்திர ஊர்திகளுக்குத் தடை. சரக்கேற்றமும் இறக்கமும் இரவில் நடைபெற வேண்டும் என்பது ஏற்பாடு. விதியை மீறி ஊர்திகள் நுழைவதாக முறையீடுகள் தொடர்ந்து எழுந்தன. ஆயினும், நாள் முழுதும் அடைக்காமல் மணிக்கணக்கில் அடைக்கலாம் என்னும் வழியை அது காட்டியது. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்த சித்திரை வீதிகளில் மக்கள் ஊர்தி அச்சமின்றி நடப்பதையும் நாம் காண்கிறோம்.

சென்னைத் தியாகராய நகர் தரும் பாடம் சற்றுச் சிக்கலானது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரால், 1920-களில் மாம்பலத்து ஏரிநிலத்தில் எழுந்த நகர்ப்பகுதி அது. அங்கே, சௌந்தரபாண்டியனார் பெயரால் பாண்டி பஜார் என வழங்கும் தியாகராய சாலையில் ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் நடப்போர் வளாகம் அமைக்கப்பட்டு, 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. நடைபாதைகள் அகன்றன; இருக்கைகள் வந்தன; முதியோர் அமர்கின்றனர்; குழந்தைகள் விளையாடுகின்றனர். எனினும், ஊர்திகள் முற்றிலும் விலக்கப்படவில்லை. நடுவே அவை ஓடிக்கொண்டே இருக்கின்றன. அடைத்தலுக்கும் அகலப்படுத்தலுக்கும் இடைப்பட்ட ஒரு நடுவழி அது. முழுப்பயன் இல்லையாயினும் பெரும்பயன் உண்டு என்பதே எம் மதிப்பீடு.

தோல்விகளையும் மறைத்தல் நேர்மை ஆகாது. அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959-இல் தன் கடைத்தெருவை ஊர்திகளுக்கு அடைத்தது. 1998-இல் அதன் ஒரு பகுதியை மீண்டும் ஊர்திகளுக்குத் திறந்துவிட்டது. அந்நாட்டில் இவ்வாறு அடைத்த தெருக்களுள் பெரும்பாலானவை மீண்டும் திறக்கப்பட்டன. காரணம் வெளிப்படை. மக்கள் நகர நடுவை விட்டுப் புறநகருக்குக் குடிபெயர்ந்தனர்; மகிழுந்தன்றி வேறு வழியில் கடைக்கு வர இயலாதவராயினர். நடப்பவரே இல்லாத இடத்தில் நடைவீதி அமைத்தல் நீரில்லா ஊரில் படித்துறை கட்டுதல் போன்றது. நம் கடைவீதிகளின் நிலை இதற்கு நேர்மாறு. இங்கே மக்கள் வெள்ளம் முன்னரே ஓடுகிறது, படித்துறைதான் இல்லை.

வணிகர் அச்சம்

"கார் வராவிட்டால் காசுள்ளவர் வரமாட்டார், கடையை மூட வேண்டியதுதான்" என்பது வணிகப் பெருமக்களின் அச்சம். இம்மலரைப் படிக்கும் பெரியவர்களுள் பலர் கடைவீதியில் தலைமுறையாக வணிகம் செய்பவர்கள். அவர்தம் கொடையால் எழுந்தவை நம் கல்வி நிலையங்கள். அவர்கள் அச்சத்தை எள்ளி நகையாடுதல் நன்றி மறத்தல் ஆகும். ஆதலின் பணிவோடு ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறோம்.

துணிக்கடை வைத்திருக்கும் எம் மாமா ஒருவரிடம் இதுபற்றி உரையாடினோம். "காரை நிறுத்த இடம் இல்லேன்னா யாரு தம்பி நம்ம கடைக்கு வருவா?" என்று கேட்டார். "மாமா, இப்போது உங்கள் கடை வாசலில் நிற்கும் கார் யாருடையது?" என்று வினவினோம். எட்டிப் பார்த்தார்; சற்று நேரம் பேசவில்லை; பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அது அவருடைய கார்தான்! காலை கடை திறக்கும்போது வந்து நிற்பது, இரவு கடை சாத்தும் வரை அசைவதில்லை. பக்கத்துக் கடை வாசலிலும் அதே கதை. வாடிக்கையாளருக்கு இடம் இல்லை என்று வருந்தும் நாம், அவ்விடத்தில் நம் ஊர்தியையே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

மேலும், ஊர்தியில் விரைபவர் கடையின் பெயர்ப்பலகையைக்கூடப் படிப்பதில்லை. நடப்பவரே நிற்கிறார், கண்ணாடிக்குள் பார்க்கிறார், விலை கேட்கிறார், உள்ளே நுழைகிறார். மாம்பலம் இருப்புப்பாதை நிலையத்திலிருந்து இறங்கியதும் தொடங்கும் ரெங்கநாதன் தெருவில் கார் நிறுத்த இடம் ஏது? அங்கே வணிகம் நடக்கவில்லையா? தமிழ்நாட்டின் நெருக்கமான வணிகங்களுள் ஒன்று நடந்து வருவோரை நம்பியே அங்கு நடைபெறுகிறது. அந்நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் நடைமேம்பாலம் 2023 மே மாதத்தில் திறக்கப்பட்டது. எனினும், நடப்பவரை மேலே ஏற்றிவிட்டு ஊர்திக்குத் தரையை விடுவதே எங்கும் தீர்வாகிவிடக் கூடாது. தரை முதலில் காலுக்கு உரியது.

முதியோரும் நோயாளரும்

"நடக்க இயலாதவர் என் செய்வர்?" என்பது இரண்டாவது மறுப்பு. மறுப்புகளுள் இதுவே வலிமை உடையது. மூட்டுவலி உள்ளவர், கருவுற்ற பெண்கள், சக்கர நாற்காலியில் செல்வோர் ஆகியோரை மறந்து வகுக்கும் எத்திட்டமும் அறமற்றது. தெருவை அடைப்போர் அவர்களுக்கெனத் தாழ்ந்த விளிம்புடைய சமதளப் பாதையையும், ஐம்பது அடிக்கு ஓர் இருக்கையையும், மெல்ல ஊரும் மின்கல வண்டியையும் முதலிலேயே அமைத்தல் வேண்டும். சித்திரை வீதிகளில் முதியோர்க்கு மின்கல வண்டி ஓட்டிய முன்மாதிரி நமக்கு உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பொதுவிடங்கள் தடையற்றிருத்தலை வலியுறுத்துகிறது.

ஆயினும், ஒரு வினா. இன்றைய நிலையில் மட்டும் அவர்கள் கடைவீதியை நலமே பயன்படுத்துகின்றனரா? எம் தாயாரை முப்பது அடி கடக்க விடாமல் தடுத்தது மூட்டுவலி அன்று, மகிழுந்தே. அவ்வாறே, நோயாளி ஊர்தியும் தீயணைப்பு வண்டியும் அடைத்த தெருவில் எப்படி நுழையும் என்பர். இருபுறமும் ஊர்திகள் நின்று, நடுவில் ஊர்திகள் சிக்கிய தெருவினும், மக்கள் ஒதுங்கி வழிவிடக்கூடிய தெருவில் அவை விரைந்து நுழையும். கடைவீதி மாடிகளில் குடியிருப்போர்க்கும், மகப்பேறு, மருத்துவம், மையித்து போன்ற தேவைகளுக்கும் விதிவிலக்கு அளித்தல் கடினமன்று.

அண்டைத் தெருக்களில் நெரிசல் பெருகும் என்னும் மறுப்பும் உண்மையே. ஒரு தெருவை அடைத்துவிட்டு அடுத்த தெருவின் ஏழைக் குடியிருப்புக்குப் புகையையும் ஒலியையும் தள்ளிவிடுதல் தீர்வாகாது. பேருந்துகளைக் கூட்டாமல், புற எல்லையில் ஊர்தி நிறுத்தம் அமைக்காமல் தெருவை அடைத்தல் வீட்டுக் குப்பையை அண்டை வீட்டு வாயிலில் கொட்டுதலை ஒக்கும்.

நடைபாதை வணிகர்

யாம் இதுகாறும் கூறியவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. வீதியை அடைப்பது யாருக்காக?

பல ஊர்களில் தெருவை அழகுபடுத்தும் பணி தொடங்கியதும் முதலில் அகற்றப்படுபவை ஊர்திகள் அல்ல, தள்ளுவண்டிகள். பூ விற்கும் மூதாட்டியும், சீப்பும் கண்ணாடியும் விற்கும் இளைஞரும், அத்தர் புட்டியும் தொப்பியும் தஸ்பீஹ் மணியும் விற்கும் பெரியவரும் இடையூறு என எண்ணப்படுகின்றனர். கருங்கல் பதித்து, விளக்கு நட்டு, இருக்கை போட்ட பின்னர் அத்தெருவில் விலையுயர்ந்த கடைகள் மட்டுமே எஞ்சினால், காருக்கு உரிய தெருவைக் காசுக்கு உரிய தெருவாக மாற்றினோம் என்பதன்றி வேறு பயன் என்ன? மதுரைக்காஞ்சியின் சிறுவணிகர் தேர் கடந்த பின்னர் மீண்டும் வந்தனர். நம் திட்டத்திலோ தேர் நின்ற பின்னரும் அவர்கள் மீள முடியாது.

பாண்டி பஜாரின் நடைபாதை வணிகர்களை 2013-ஆம் ஆண்டளவில் மாநகராட்சி, அவர்களுக்கெனக் கட்டிய அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றியது. மேல்தளங்களுக்கு வாங்குவோர் ஏறி வருவதில்லை என்பது அவ்வணிகர்களின் நெடுநாள் முறையீடு. நடப்பவர் கண்ணில் படுவதே அவர்தம் முதலீடு. அதனைப் பறித்துவிட்டுக் கூரை கொடுத்தால் போதுமா?

நாடாளுமன்றம் 2014-இல் இயற்றிய தெருவோர வணிகர் சட்டம் இதற்கு வழி வகுத்துள்ளது. கணக்கெடுப்பு முடித்துச் சான்று வழங்கும் வரை எவரையும் அகற்றலாகாது என்பதும், நகர விற்பனைக் குழுவில் வணிகர் சார்பாளர் நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாது இருத்தல் வேண்டும் என்பதும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாதல் வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் விதிகள். வாழ்வுரிமையுள் வாழ்வாதாரமும் அடங்கும் என்று 1985-இல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

நடப்போர் உரிமையும் நடைபாதை வணிகர் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று காட்டுதல் பெரும்பிழை. இருவரையும் நான்கடி நடைபாதையில் நெருக்கித் தள்ளிவிட்டு, எஞ்சிய தெரு முழுவதையும் ஊர்திக்குக் கொடுத்ததனால் விளைந்த பகை அது. தெருவைத் திருப்பிக் கொடுத்தால் இருவருக்கும் இடம் உண்டு.

செய்யத்தக்கவை

எனவே, நெரிசல் மிகுந்த கடைவீதிகளை மகிழுந்துகளுக்கு அடைத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு. ஆனால், அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, எல்லாத் தெருக்களையும் அடைக்க வேண்டா. நடப்போர் பெருகிய, பேருந்தும் தொடர்வண்டியும் அணுகக்கூடிய தெருக்களைத் தேர்தல் வேண்டும். இரண்டாவது, முதலில் மாலை நேரங்களிலும் பண்டிகைக் காலங்களிலும் சோதனையாக அடைத்து, விளைவைக் கண்டு விரித்தல் வேண்டும். மூன்றாவது, சரக்கு வண்டிகளுக்கு இரவையும் விடியலையும் ஒதுக்குதல் வேண்டும். நான்காவது, முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உரிய ஏற்பாடுகள் அடைக்கும் நாளுக்கு முன்னரே அமைதல் வேண்டும். ஐந்தாவது, தெருவோர வணிகர்க்கு அத்தெருவிலேயே கோடு வரைந்து இடம் கொடுத்த பின்னரே திறப்பு விழாக் கல்வெட்டு நடுதல் வேண்டும். கல்வெட்டு முந்தினால் வணிகர் பிந்துவர். பிந்தியவர் வரவே மாட்டார்.

நம் மாணவர்க்கும் ஒரு பணி உண்டு. நம்மூர்க் கடைவீதியில் ஒரு நாள் காலை முதல் இரவு வரை நின்று, நடந்து வருவோர் எத்தனை பேர், பேருந்தில் வந்து இறங்குவோர் எத்தனை பேர், மகிழுந்தில் வருவோர் எத்தனை பேர் என்று எண்ணிக் குறியுங்கள். நிற்கும் மகிழுந்துகளுள் கடைக்காரர்களுடையவை எத்தனை என்றும் பணிவோடு கேட்டு எழுதுங்கள். அவ்வேட்டை வணிகர் சங்கத்துக்கும் நகராட்சிக்கும் கொண்டு செல்வோம். உணர்ச்சி பேசிய இடத்தில் எண்ணும் பேசட்டும். ஆசிரியராகிய எமக்கும் ஒரு பணி உண்டு. அன்று முதல் எம் ஊர்தியை நடைபாதையில் நிறுத்துவதில்லை. சில நாள்களில் நெடுந்தொலைவு நடக்க நேர்கிறது. நடந்த பின்னரே எம்மூர்த் தெருவில் எத்துணைப் பேர் நடக்கின்றனர் என்பது கண்ணுக்குப் புலப்பட்டது.

இவ்வாண்டுப் பெருநாளுக்கு எம் தாயார் கடைவீதிக்கு வரவில்லை. "நீங்களே போயி எடுத்துட்டு வந்துடுங்க, எனக்கு எந்தக் கலரா இருந்தா என்ன?" என்று கூறிவிட்டார். அவர் வருந்திக் கூறவில்லை. பழகிவிட்ட குரலில் கூறினார். அதுவே எம்மை மிகவும் வருத்தியது. விபத்தில் மாண்டவரை அரசு எண்ணுகிறது. காயமுற்றவரை மருத்துவமனை எண்ணுகிறது. அச்சத்தால் தெருவுக்கு வராமலே நின்றுவிட்ட தாய்மாரை எவரும் எண்ணுவதில்லை. அவர்கள் மீண்டும் தம் விருப்பமான நிறத்தைத் தாமே தேர்ந்தெடுக்கக் கடைவீதிக்கு வரும் நாளே, வீதி அதற்கு உரியவரிடம் திரும்பிய நாளாகும். அந்நாளை விரைவில் காண வணிகப் பெருமக்களும் ஆட்சியாளரும் மாணவச் செல்வங்களும் ஒன்றுகூடி முயல்வோமாக!